பரிசு வாங்காத பிள்ளை

பேச்சு வராத குழந்தையும், ஓரிடத்தில் நிலைகொள்ளாத குழந்தையும், எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தையும் நம்முடைய கதைகளில் நெடுங்காலம் ஓரத்திலேயே இருந்தார்கள். சில வேளை நகைப்புக்கு வந்தார்கள். சில வேளை கதாநாயகனின் தியாகத்தை எடுத்துக்காட்ட ஒரு மூலையில் உட்கார வைக்கப்பட்டார்கள். 1990-இல் மணிரத்னத்தின் 'அஞ்சலி' இத்தகைய ஒரு குழந்தையைக் கதையின் நடுவே நிறுத்தி, தமிழ்க் குடும்பங்களை அழ வைத்தது. பிறகு 2007-இல் இந்தியில் 'தாரே ஜமீன் பர்' வந்தது. 2010-இல் 'மை நேம் இஸ் கான்' வந்தது. 2013-இல் தமிழில் 'ஹரிதாஸ்' வந்தது. 2019-இல் 'பேரன்பு' திரையரங்குகளுக்கு வந்தது. இப்படங்களைத் திரையரங்கில் காணாதவர்களும் வீட்டுத் தொலைக்காட்சியில் கண்டிருப்பார்கள். எந்த மருத்துவரின் அறிவுரையும் எட்டாத வீடுகளை இக்கதைகள் எட்டியுள்ளன.

ஆகவே இவற்றைக் கலைநயம் ஒன்றை மட்டும் கொண்டு எடை போடுவது போதாது. வேறொரு கேள்வியையும் கேட்க வேண்டும். இக்கதைகளைக் கண்ட ஒரு குடும்பம், தன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய ஒரு பிள்ளை இருந்தால், அதை உரிய காலத்தில் அடையாளம் கண்டுகொள்ளுமா? கண்டுகொண்ட பின் அந்தப் பிள்ளையை உள்ளபடியே ஏற்றுக்கொள்ளுமா? இக்கதைகள் நமக்கு இரக்கத்தைக் கற்பித்தன. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பார்க்கும் கண்ணைக் கற்பிக்கவில்லை. அவை கற்பித்த இரக்கத்திற்கும் ஒரு விலை வைத்தன. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மூளையும் நரம்பு மண்டலமும் வளர்ந்துவரும் பருவத்திலேயே தோன்றும் சில நிலைகளை நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, கவனக் குறைவும் மிகுதுடிப்பும் சேர்ந்த நிலை, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள், பேச்சு வளர்ச்சித் தாமதம் முதலியன இதில் அடங்கும். மூளை முடக்குவாதத்தையும் இவற்றோடு சேர்த்து எண்ணுவதுண்டு. இவை எங்கோ ஆயிரத்தில் ஒரு வீட்டில் நிகழ்பவை என்று நினைப்பது தவறு. இந்தியாவின் ஐந்து பகுதிகளில் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, செவிக்குறை, பார்வைக்குறை, வலிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது. 2 முதல் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 9 பேருக்கும், 6 முதல் 9 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கும் சற்று மேலாக இவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பதாக மதிப்பிட்டது. ஒரு தெருவில் முப்பது பிள்ளைகள் இருந்தால், அத்தெருவுக்கும் இது சொந்தச் செய்திதான்.

இனிக் கதைகளுக்கு வருவோம்.

'அஞ்சலி'யில் தந்தை தன் குழந்தை உயிரோடு இருப்பதைத் தாயிடமிருந்தே மறைக்கிறான். அக்குழந்தை நெடுநாள் வாழாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், மனைவிக்குத் துன்பம் வேண்டாம் என்று அவன் செய்த காரியம் அது. படம் அந்த மறைப்பைக் கேள்வி கேட்காமல் விடவில்லை. உண்மை தெரிந்த தாய் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ளவர்கள் முகம் சுளிக்கிறார்கள். உடன்பிறந்தவர்களே ஏற்க மறுக்கிறார்கள். பின்னர் ஒவ்வொருவராக மனம் மாறுகிறார்கள். ஒரு சமூகம் மெல்ல மெல்ல இளகுவதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய வேறு படம் அரிது. ஆயினும் இறுதியில் குழந்தை இறந்துவிடுகிறது. பார்வையாளர் கண்ணீரோடு எழுந்து செல்கிறார். ஏற்றுக்கொண்ட அந்தச் சமூகம் அந்தப் பிள்ளையோடு அடுத்த இருபது ஆண்டுகளை எப்படிக் கழித்திருக்கும் என்னும் கடினமான கேள்வியைக் கதை எதிர்கொள்ளவே இல்லை. வாழப்போகும் பிள்ளையின் பெற்றோருக்கு அக்கண்ணீரால் என்ன பயன்?

'தாரே ஜமீன் பர்' வேறு வழியில் செல்கிறது. இஷான் என்னும் சிறுவனுக்கு டிஸ்லெக்சியா. எழுத்துகள் அவன் கண்முன் ஆடுகின்றன. தந்தை அதைச் சோம்பல் என்கிறார், திமிர் என்கிறார். விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அங்கே தற்காலிகமாக வரும் ஓவிய ஆசிரியர் பையனின் நோட்டுகளைப் புரட்டி, அவன் செய்யும் பிழைகளில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். பிறகு வீட்டுக்கே சென்று, தந்தைக்குத் தெரியாத அயல்மொழி எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்கிறார். படிக்க முடியாது என்று தந்தை சொன்னதும், இது திமிர் அல்லவா என்று அவருடைய சொல்லையே அவருக்குத் திருப்பித் தருகிறார். பிழையைக் குற்றமாகப் பார்க்காமல் அடையாளமாகப் பார்க்கக் கற்றுத்தந்த அக்காட்சி, இந்தப் படங்கள் அனைத்திலும் மிகச் சிறந்த காட்சி என்பேன். பல பள்ளிகளில் ஆசிரியர்களையும் பெற்றோரையும் அது சிந்திக்க வைத்திருக்கும்.

ஆனால் முடிவு என்ன? ஓவியப் போட்டி. பையன் முதற்பரிசு பெறுகிறான். பள்ளியே எழுந்து கை தட்டுகிறது. தாயும் தந்தையும் கண் கலங்குகிறார்கள். படிக்க முடியாத பிள்ளைக்கு வரையத் தெரிந்திருந்தது. ஆகவே அவன் தப்பித்தான். வரையவும் தெரியாத டிஸ்லெக்சியாப் பிள்ளையின் கதி என்ன என்று அரங்கத்தில் யாரும் கேட்கவில்லை.

'ஹரிதாஸ்' ஆட்டிசம் உள்ள சிறுவனின் கதை. காவல்துறை அதிகாரியான தந்தை மகனின் உலகத்தைப் புரிந்துகொள்ளப் படிப்படியாக முயல்வதையும், பள்ளி ஆசிரியை ஒருத்தி துணை நிற்பதையும் இயக்குநர் குமாரவேலன் ஆரவாரமின்றிச் சித்திரிக்கிறார். தனிமையில் வாடும் தந்தையின் முகம் நம் மனத்தில் நிற்கிறது. இங்கேயும் பையனுக்குள் ஓர் ஓட்டக்காரன் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருக்கிறது. பந்தயத்தில் ஓடினால்தான் கதை நிறைவடைகிறது. 1988-இல் வந்த அமெரிக்கப் படமான 'ரெயின் மே'னும் இப்படித்தான். அதன் நாயகனுக்கு எண்கள் மின்னல் வேகத்தில் வரும். அதைக் கண்ட உலகம், ஆட்டிசம் என்றால் மறைந்திருக்கும் மேதைமை என்று முடிவு கட்டிக்கொண்டது. அத்தகைய அபூர்வ ஆற்றல் ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே உண்டு. மற்றவர்களின் தாய்மார் இன்றும், "உங்கள் பிள்ளைக்கு என்ன திறமை?" என்னும் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். திறமை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இடம் இல்லையா? இயல்பாக வளரும் பிள்ளையிடம் சாப்பாடு போடுமுன் பரிசுக் கோப்பையை யாரும் கேட்பதில்லையே!

நம் வாசகர்களுக்கு 'மை நேம் இஸ் கான்' தனிப்பட்ட ஈர்ப்பு உடையது. 2001 செப்டம்பருக்குப் பிந்திய அமெரிக்காவில் ஒரு முஸ்லிமின் நிலை என்ன என்பதையே எல்லோரும் அதில் கண்டோம், விவாதித்தோம். ஆனால் அதன் முதற்பகுதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதை அடங்கிக் கிடக்கிறது. மும்பையில் விதவைத் தாய் ஒருத்தி இரண்டு மகன்களை வளர்க்கிறாள். மூத்தவன் ரிஸ்வான் மற்றவர்களைப் போல் இல்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியாது, சொல்லவும் ஆளில்லை. அவள் தன் அறிவுக்கு எட்டியபடி, எல்லையற்ற பொறுமையோடு அவனுக்கு உலகத்தைக் கற்பிக்கிறாள். அந்தப் பொறுமை முழுவதும் மூத்தவனுக்கே போய்விட்டது என்று இளையவன் ஜாகிர் மனம் புழுங்குகிறான். பின்னாளில் ரிஸ்வான் அமெரிக்கா சென்றபோது, உளவியல் கற்ற தம்பி மனைவி ஹசீனாதான் அவனைப் பார்த்து இது ஆஸ்பெர்ஜர் நிலை என்று பெயர் சொல்கிறாள். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டில் அது தனிப்பெயராக இல்லாமல் ஆட்டிசத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, பெயர் தெரிய ஒரு மனிதன் வளர்ந்து, தாயை அடக்கம் செய்து, கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. மற்றொன்று, அந்தப் பெயரைச் சொன்னவள் குடும்பத்துக்குள் இருந்த ஒரு பெண். பிந்திய செய்தி பொன்னானது. கண்டுகொள்ளும் அறிவு வீட்டுக்குள்ளேயே, கூடத்தில் உட்கார்ந்து தேநீர் பருகும் உறவினரிடமே இருக்க முடியும் என்று அக்காட்சி சொல்கிறது. படம் அதை விரைந்து கடந்து அதிபரைக் காணப் புறப்பட்டுவிட்டது. நாமும் கூடவே புறப்பட்டுவிட்டோம்.

ராமின் 'பேரன்பு' பரிசு கேட்காத படம். மூளை முடக்குவாதம் உள்ள பெண்ணுக்கு எந்த மேதைமையும் ஒட்டவைக்கப்படவில்லை. வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பும் தந்தையிடம், இத்தனை காலமும் தனியே சுமந்த தாய், மகளை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவன் அவளைச் சபிக்கவில்லை. வாப்பா சபுரில் இருக்க, உம்மா மட்டும் எல்லாவற்றையும் தாங்கும் வாழ்க்கை நம் ஊர்களுக்குப் பழக்கமானது. அந்தத் தனிமைக்குள் இத்தகைய ஒரு பிள்ளையும் இருந்தால் அந்தப் பெண்ணின் இரவுகள் எப்படி இருக்கும் என்று நினைக்க வைத்ததற்காக இயக்குநரைப் பாராட்ட வேண்டும். எனினும் இப்படத்தில் ஊர் இல்லை. உற்றார் முகம் திருப்புகிறார்கள். தந்தையும் மகளும் மனிதர்களை விட்டு விலகி மலையோர வீட்டுக்குப் போகிறார்கள். பரிசு இல்லாத பிள்ளைக்குத் திரைக்கதை தந்த இடம் ஊருக்கு வெளியே.

ஆக, ஒன்றில் குழந்தை இறக்கிறது, இரண்டில் வெல்கிறது, ஒன்றில் நடுவயதில் நாடு கடந்து பெயர் பெறுகிறது, ஒன்றில் ஊரை விட்டே போகிறது. இந்தக் கதைகளில் எங்கும் இல்லாத காட்சி ஒன்று உண்டு. ஒன்றரை வயதுக் குழந்தை திண்ணையில் விளையாடிக்கொண்டிருக்கிறது. வாப்பும்மாவோ உம்மும்மாவோ இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். குழந்தை திரும்பவில்லை. அவள் மருமகளை அழைத்து, யாரையும் குறை கூறாமல், "நாளைக்கு இவனை ஒரு தடவை காட்டிக்கொண்டு வந்துவிடுவோம்" என்கிறாள். இவ்வளவுதான். இதில் கண்ணீர் இல்லை, போட்டி இல்லை, கைதட்டல் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை திசை திரும்புவது பெரும்பாலும் இத்தகைய ஒரு பிற்பகலில்தான்.

அந்த மூதாட்டி எதைப் பார்த்தாள்? ஓராண்டு நிறைந்த குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதுக்குள் தனக்கு வியப்பூட்டும் பறவையையோ வண்டியையோ விரலால் சுட்டிக் காட்டி, நாமும் பார்க்கிறோமா என்று நம் முகத்தை நோக்க வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொற்களையேனும் சேர்த்துத் தானாகச் சொல்ல வேண்டும். வந்த சொற்கள் எந்த வயதிலும் மறைந்து போகக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினால் குறைபாடு உறுதி என்று பொருளில்லை. காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றே பொருள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். செவிக்குறையைப் பிடிவாதம் என்று எண்ணி ஆண்டுகளை இழந்த குடும்பங்கள் உண்டு. டிஸ்லெக்சியா இந்த வயதில் தெரியாது. எழுத்துக் கற்கும் பருவத்தில்தான் வெளிப்படும். அப்போது பார்க்க வேண்டியவர் ஆசிரியர். மதரஸாவில் அரபு எழுத்துக் கற்பிக்கும் உஸ்தாதும் அவரே. ஒரே எழுத்தை நூறு முறை சொல்லிக் கொடுத்தும் மறுநாள் அடையாளம் தெரியாமல் விழிக்கும் பிள்ளையைப் பிரம்பு திருத்தாது.

"ஆண்பிள்ளை சுணங்கித்தான் பேசும், இவன் வாப்பாவும் நாலு வயதில்தான் வாய் திறந்தார்" என்று நாம் சொல்லும் ஆறுதல் அன்பினால் பிறந்ததே. தாமதமாகப் பேசித் தாமாகச் சரியான பிள்ளைகளும் உண்டு. ஆனால் நம் பிள்ளை அவர்களில் ஒருவனா என்று மூன்று ஆண்டு காத்திருந்து அறிவதைவிட, மூன்று நாள் செலவிட்டு அறிவது மேலல்லவா? மூளை மிக விரைந்து வளரும் ஆண்டுகள் அவை. பேச்சுப் பயிற்சியும் விளையாட்டு வழிப் பயிற்சியும் அந்த வயதில் தொடங்கினால் பலன் அதிகம். கண்ணேறு என்று எண்ணி ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிப் பார்க்கட்டும். துஆவுக்கும் செவிப் பரிசோதனைக்கும் பகை இல்லை. ஒன்றுக்காக மற்றொன்றை ஒத்திப்போடுவதே தவறு.

ஆறுதல் சொல்லும் வாயே சில நேரம் குற்றமும் சாட்டும். இதில் படித்த உலகமும் சளைத்ததன்று. லியோ கானர் என்னும் மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை உலகுக்கு அறிமுகம் செய்தார். பின்வந்த அறிஞர் சிலர், தாயின் உள்ளம் பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருப்பதே பிள்ளையின் நிலைக்குக் காரணம் என்றனர். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் இக்கொள்கையை நாடெங்கும் பரப்பியது. தாமே ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லண்டு, இது உடலியல் காரணங்களால் வருவது என்று 1964-இலேயே வாதாடியிருந்தார். ஆய்வுகள் பிறகு அவர் பக்கமே நின்றன. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார் குற்றவாளிக் கூண்டில் நின்று முடித்துவிட்டனர். அமெரிக்காவில் கைவிடப்பட்ட அப்பழியை நாம் புதுப்பித்து வைத்திருக்கிறோம். "செல்போனைக் கையில் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டாள்" என்கிறோம். சிறு குழந்தைக்குக் கைப்பேசி நல்லதன்று. அது வேறு செய்தி. ஆட்டிசம் அதனால் உண்டாவதில்லை. பழி விழும் என்று அஞ்சும் தாய் எதையும் வெளியே சொல்லமாட்டாள். பழி சுமத்தும் ஊரில் குறை விரைவில் கண்டறியப்படுவதில்லை.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிறுக்கு, மந்தம், ஊமை என்று பட்டப்பெயர் வைப்பதில் நாம் தாராளமானவர்கள். பத்திரிகைகள் ஆட்டிசத்துக்கு 'மதியிறுக்கம்' என்று எழுதுகின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் மதி இறுகிப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. அச்சொல்லே ஒரு தீர்ப்பு. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இல் அதற்கென வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைகளைக் கணக்கில் கொண்டு ஆட்டிசத்துக்கும் கற்றல் குறைபாட்டுக்கும் உரிமை தந்தது. சட்டம் கற்றுக்கொண்ட பெயர்களை இலக்கியமும் கற்றுக்கொள்ளலாம்.

வாய்ப்புகள் நாம் நினைப்பதைவிட அருகில் உள்ளன. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஒருமுறையும் சென்று பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். ஐயம் உள்ளவர்களை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் தனியார் நர்சரிகளில் படிப்பதால் அந்தக் குழுவின் கண்ணில் படுவதே இல்லை. தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் அருகே ஆய்க்குடியில் 1981-இல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் வேறொரு வழி காட்டியுள்ளது. 1975-இல் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். அச்சங்கம் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி அளித்து வீடு வீடாக அனுப்புகிறது. அவர்கள் வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளைக் கண்டறிந்து, பயிற்சியை வீட்டிலேயே தாய்க்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். திரைப்படங்கள் வெளியிலிருந்து ஓர் இரட்சகரைக் கொண்டுவந்தன. ஆய்க்குடி அடுத்த தெருப் பெண்ணையே அனுப்பியது.

இவ்வளவு இருந்தும் குடும்பங்கள் மறைப்பது ஏன்? விடை நமக்கெல்லாம் தெரிந்ததே. மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். "தம்பிக்கு ஏதோ குறையாமே" என்ற பேச்சு எழுந்தால் சம்பந்தம் நின்றுவிடும். ஆகவே விருந்தாளி வரும்போது பிள்ளை பின்கட்டுக்குப் போகிறான். கல்யாண வீட்டுக்கு அவன் வருவதில்லை. வீட்டிலிருந்து ஒருவர் அவனோடு தங்கிவிடுகிறார், அது எப்போதும் தாய்தான். ஆட்டிசத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நீரிழிவிலும் அது உண்டு. நீரிழிவைச் சொல்லி எந்தச் சம்பந்தமும் நிற்பதில்லை. இந்த அச்சத்தை ஒரு தாய் தனியாக உடைக்க முடியாது. ஊர் சேர்ந்துதான் உடைக்க முடியும். ஜமாஅத்தில் செல்வாக்குள்ள ஒரு குடும்பம் தன் பிள்ளையைக் கைபிடித்துக் கல்யாணப் பந்திக்கு அழைத்து வரட்டும். அடுத்த கல்யாணத்துக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் வருவார்கள். உரத்த ஒலி தாங்காத பிள்ளைக்கு ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி ஓர் இடம் ஒதுக்குவது பெரிய செலவன்று.

நம் எழுத்தாளர்களுக்கும் இதில் பணி உண்டு. இப்பக்கங்களில் சிறுகதை எழுதுவோர், மேதையாகாத, பந்தயத்தில் ஓடாத, கடைசிப் பக்கத்தில் இறக்காத ஒரு பிள்ளையைப் பற்றி எழுதட்டும். மூன்று வயதில் பயிற்சி தொடங்கி, ஆறு வயதில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளக் கற்று, பத்து வயதில் தெருமுனைக் கடைக்குச் சென்று சரியான சில்லறையோடு திரும்பும் பிள்ளை. கடைக்காரர் அவனை அறிவார்; அவன் பேசும் இரண்டு சொற்களுக்குக் காத்திருப்பார். அந்தக் கதையில் யாரும் கை தட்ட வேண்டியதில்லை. அதைப் படிக்கும் ஏதோ ஒரு வீட்டில், கூப்பிட்டும் திரும்பாத தன் பேரனை ஒரு மூதாட்டி சற்றுக் கூர்ந்து பார்த்தால் போதும்.